இருந்தாலும் ரீஸ்டார்ட்

அப்பாவின் லேப்டாப் 2018-இல் நான் வாங்கிக் கொடுத்தது. 120 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர், ஓய்வுக்குப் பிறகு அதில்தான் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். திருநெல்வேலிக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் அதற்கு ஏதாவது வைத்தியம் பார்ப்பது என் வேலை.

2025 தீபாவளிக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-உடன் முடிந்திருந்தது. கடைசியாக வந்த அப்டேட்டையாவது ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், பல மாதங்களாக எதுவுமே ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பிழை, 80070070 என்று முடியும் ஓர் எண்.

அந்த எண் என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஐடி வேலையில் இருப்பவனுக்கு முதல் மருந்து ரீஸ்டார்ட். அழுத்தினேன். நீலத் திரை வந்தது. ஒரு செயலி மறுதொடக்கத்தைத் தடுக்கிறது என்றது. கீழே ‘டாக்குமென்ட் - வேர்ட்பேட்’. பெயர் வைக்காத கோப்புக்கு வேர்ட்பேட் தானாகக் கொடுக்கும் பெயர் அது. பக்கத்திலேயே ‘இருந்தாலும் ரீஸ்டார்ட்’ என்று ஒரு பொத்தான். யோசித்து அழுத்தியதாக நினைவில்லை.

அப்பா காபியோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

“என்னல, அந்த வெள்ளைப் பக்கம் எங்க?”

2024-இல் அம்மாவுக்கு பைபாஸ் நடந்தது. இன்சூரன்ஸும் என் சம்பளமும் போக மிச்சம் எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுத நோட்டு உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் திணித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நோட்டு கிடையாது. இருபத்து மூன்று பேர். யார், எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று அப்பா அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பென்ஷன் வந்ததும் மாதம் ஒருவராகக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

“நோட்டுல எழுதியிருக்கலாம்லப்பா?”

“நோட்டுன்னா உங்கம்மா படிப்பா. தன்னால இவ்ளோ கடன்னு தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திருவா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதத்தான் அவ தொடமாட்டா.”

“சேவாவது பண்ணியிருக்கலாம்ல?”

“சேவ் பண்ணுனா எங்க போவுதுன்னு தெரியல. தொறந்தே கெடந்தா கண்ணு முன்னால இருக்கும்லா.”

லேப்டாப்பை அவர் அணைப்பதே இல்லை. மூடி வைப்பார், சார்ஜரைக் கழற்றமாட்டார். சேமிக்காத எழுத்து ராமில் மட்டுமே இருக்கும். தூக்க நிலையில் ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் வரை அதுவும் இருக்கும். அப்டேட் ஏறியிருந்தால் என்றைக்கோ ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ஏறாததால்தான் அந்தப் பக்கம் ஒரு வருஷத்துக்கு மேல் பிழைத்துக் கிடந்திருக்கிறது. பிழை காப்பாற்றியதை நான் ஐந்து வினாடியில் அழித்திருந்தேன்.

ராத்திரி ஒரு மணி வரை தேடினேன். டெம்ப் ஃபோல்டரில் துழாவினேன். மீட்பு மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். வேர்ட்பேட் தானாகச் சேமிக்காது. வட்டில் ஒருபோதும் எழுதப்படாததை வட்டிலிருந்து எப்படி மீட்பது?

அதற்கப்புறம்தான் பிழை எண்ணைப் படித்தேன். கடைசி இரண்டு இலக்கம் 70. அது பதினாறின் அடிப்படையில் எழுதப்படும் எண். ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு. விண்டோஸின் பிழைப் பட்டியலில் 112-க்கு ஒரே அர்த்தம்தான்: வட்டில் இடம் இல்லை. சி டிரைவில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. டவுன்லோட்ஸ் முழுக்க வாட்ஸ்அப் வீடியோக்கள். அவற்றை வெளி டிஸ்குக்கு மாற்றினேன். ஹைபர்னேட்டை நிறுத்தியதில் அதன் கோப்பு பிடித்திருந்த இடமும் கிடைத்தது. அப்டேட் ஒரே முயற்சியில் ஏறியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி, அம்மா படுத்த பிறகு, அப்பா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பால்காரர் இரண்டாயிரம், தீர்ந்தது. எதிர்வீட்டு டீச்சர் பத்தாயிரம், பாதி பாக்கி. பஜார் பாத்திரக்கடைக்காரர் ஐயாயிரம். வாங்கிய கிழமை, அன்றைக்கு அவர்கள் கட்டியிருந்த சேலை நிறம் என்று எதையெல்லாமோ பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார். இருபத்திரண்டில் நின்றுவிட்டது. விரல்விட்டு எண்ணினார். கண்ணை மூடினார். மறுபடி எண்ணினார்.

“ஒருத்தர் இருக்காங்கல. கொடுத்தவங்கள மறந்துட்டா நாம மனுசனே இல்ல.”

உள் அறையிலிருந்து குரல் வந்தது.

“மேலத்தெரு மைனிய விட்டுட்டீங்க. எட்டாயிரம். அவ வளையல அடகு வச்சில்லா குடுத்தா.”

அப்பா திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எட்டாயிரம் என்று அடித்தேன்.

“தீர்ந்துட்டாப்பா?”

“இன்னும் இல்ல.”

“தையில குடுத்துரலாம்,” என்றாள் அம்மா, உள்ளேயிருந்தே.

சேவ் கொடுத்தபோது பெயர் கேட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் உள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மொய்னு போடுல.”