நிழல் விழுந்த கண்கள்

யூஜீன் தெலாக்ருவா 1838ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘சினமுற்ற மெடியா’ என்னும் ஓவியத்தை அச்சுப்பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். மூல ஓவியம் பிரான்சின் லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாய் தன் பிள்ளைகளைக் காக்கிறாளா, கொல்லப் போகிறாளா?

கதையை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். ஜேசன் பொற்கம்பளத்தை அடைவதற்காகத் தந்தையையும் நாட்டையும் துறந்து உடன் வந்தவள் மெடியா. கொரிந்து நகரில் அவளைக் கைவிட்டு, அந்நாட்டு மன்னன் மகளை மணக்கிறான் ஜேசன். அவனைத் தண்டிப்பதற்காகத் தன் வயிற்றில் பிறந்த மைந்தர் இருவரையும் அவள் கொல்கிறாள். கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில் அந்தக் கொலை மேடையில் காட்டப்படுவதில்லை. உள்ளிருந்து பிள்ளைகளின் அலறல் மட்டுமே கேட்கும்.

தெலாக்ருவாவும் கொலையை வரையவில்லை. குகையொன்றில் மெடியா பிள்ளைகளை இறுக அணைத்திருக்கிறாள். யாரோ துரத்தி வருவதுபோல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறாள். முதுகலை மாணவர்களிடம் பெயர் சொல்லாமல் இந்தப் படத்தைக் காட்டியபோது, பகைவரிடமிருந்து மக்களைக் காக்கும் தாய் என்றே பலரும் கூறினர். பிறகு ஒரு மாணவி, அணைத்த கையிலேயே இருக்கும் குறுவாளைச் சுட்டிக்காட்டினாள். வகுப்பில் சற்றுநேரம் பேச்சில்லை. “அப்படியானால் அந்த அணைப்பு பொய்யா, ஐயா?” என்றான் ஒருவன்.

பொய்யில்லை என்பதே என் வாசிப்பு. நாடகத்தில் மெடியா பிள்ளைகளின் முகத்தையும் சிரிப்பையும் கண்டு மனம் கலங்குகிறாள், எண்ணத்தைக் கைவிடுகிறாள், மீண்டும் துணிகிறாள். அந்த ஊசலாட்டம் முழுவதையும் ஓவியர் ஒரே கையில் வைத்துவிட்டார். பண்டைய ஓவியர் திமோமாக்கஸ் இதே கதையில் கொலைக்குச் சற்று முந்தைய கணத்தைத் தேர்ந்தெடுத்ததை, 1766இல் வெளிவந்த ‘லாவோகூன்’ நூலில் லெஸ்ஸிங் பாராட்டியிருக்கிறார். தாய்மையும் சினமும் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கும் கணம் அது.

தெலாக்ருவா இன்னொன்றும் செய்கிறார். அவள் கண்களின்மீது நிழலைப் படரவிடுகிறார். மெய்ப்பாட்டைக் கண்களில் தேடிப் பழகிய நமக்கு அங்கே எதுவும் கிட்டுவதில்லை. பெற்ற பிள்ளையைக் கொன்ற தாயைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியை நான்கு வரிகளில் படித்து, பேய் என்றோ பித்து என்றோ பெயரிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த வசதியை இவ்வோவியம் மறுக்கிறது.

அதற்காக அவளை மன்னிக்கச் சொல்கிறது என்றும் கொள்வதற்கில்லை. அவள் கண்களை மறைத்த ஓவியர் பிள்ளைகளின் மேனியை ஒளியில் வைத்திருக்கிறார். தாயைப் புரிந்துகொள்ள எவ்வளவு முயன்றாலும், அவள் பிடியில் நெளியும் அந்தச் சிறு உடல்களைக் காணாமல் இருக்க முடிவதில்லை.