இரட்டைவால் நரியும் எங்கள் வாவியும்

சென்ற பாடசாலை விடுமுறையில் படுவான்கரையிலுள்ள மருமகனின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய எட்டு வயது மகள் கைத்தொலைபேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலநிற முள்ளெலி ஒன்று ஓடுகிறது. அதன் பின்னால் இரண்டு வால்களைச் சுழற்றியபடி மஞ்சள்நிற நரிக்குட்டி ஒன்று பறந்து வருகிறது.

"இது ஆரெண்டு தெரியுமா தாத்தா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் கிடந்து ஓய்வுபெற்ற கிழவனுக்கு அந்த நரியை எப்படித் தெரிந்திருக்க முடியும்? பக்கத்தில் இருந்த மருமகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எத்தனையோ பேருடைய கதைகளை அச்சேற்றிய நான், இதை மட்டும் இத்தனை காலமும் எழுதாமல் வைத்திருந்தேன்.

முதலில் அந்த நரிக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் மைல்ஸ் பிரவர். மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் எப்படி ஒலிக்குமோ, அதை வைத்துச் செய்த சொல்விளையாட்டு இது. உலகம் அவனை அழைப்பது டெயில்ஸ், அதாவது வால்கள், என்று. யப்பானின் சேகா நிறுவனம் 1992 நவம்பரில் வெளியிட்ட 'சொனிக் த ஹெட்ஜ்ஹொக் 2' என்ற விளையாட்டில் அவன் முதன்முதலாகத் தோன்றினான். அவனை வரைந்தவர் யசுஷி யமகுச்சி என்ற ஓவியர். எட்டு வயதுச் சிறுவன் அவன். இரண்டு வால்களோடு பிறந்ததால் மற்றவர்களின் கேலிக்கு ஆளானவன். கேலிக்குரிய அந்த வால்களையே சுழற்றிப் பறக்கப் பழகிக்கொண்டவன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டும் கை அவனுடையது. விமானம் ஓட்டுவான். பின்னால் வந்த விளையாட்டுகளில் தானே விமானம் கட்டுவான்.

அந்த விளையாட்டுப் பெட்டி எங்கள் கல்லடி வீட்டுக்கு வந்தது 1998ஆம் ஆண்டில். கனடாவில் இருந்த தமையன் தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன மெகா ட்ரைவ் பெட்டியையும் இரண்டு ஜோய்ஸ்ரிக்குகளையும் கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மின்சாரம் இருக்கும் மாலைகளில் அயலவர் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் தொலைக்காட்சியின் முன்னால்தான்.

அந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்காவின் மகனும் வந்திருந்தான். அவர்கள் இருந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு விழும் மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் பாலும் தேனும் அந்தப் பக்கம். கடையும் ஆசுபத்திரியும் கந்தோரும் இந்தப் பக்கம். யுத்த காலத்தில் இந்த இரு கரைகளும் இரண்டு நாடுகள்போல் ஆகிவிட்டிருந்தன. எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. அக்காவின் ஊரில் மின்சாரம் இல்லை. பத்து வயதுப் பையன் தொலைக்காட்சியையே விடுமுறைக்குத்தான் காண்பான்.

வீட்டுக்காரன் என்ற உரிமையில் என் மகன் முதலாவது ஜோய்ஸ்ரிக்கை எடுத்துக்கொள்வான். இரண்டாவது மருமகனுக்கு. அதாவது சொனிக் இவன், டெயில்ஸ் அவன். அந்த விளையாட்டின் அமைப்பு எப்படியென்றால், திரை எப்போதும் சொனிக்கையே தொடரும். டெயில்ஸ் பின்தங்கினால் திரையை விட்டு மறைந்துபோவான். சிறிது நேரத்தில் வால்களைச் சுழற்றிக்கொண்டு வானத்தில் இருந்து திரும்பி வருவான். அவன் எத்தனை முறை விழுந்தாலும் உயிர்க் கணக்கில் குறையாது. ஆகவே பெரிய எதிரி வரும்போது என் மகன் பாதுகாப்பாக ஒதுங்கி நின்றுகொண்டு, "நீ போய் அடிடா" என்று மருமகனை முன்னே விடுவான். மருமகனும் முகம் சுளிக்காமல் போய் அடிப்பான். படுவான்கரைப் பிள்ளைக்கு இரண்டாவது ஜோய்ஸ்ரிக் என்பது அப்போது எனக்கு இயல்பாகவே தோன்றியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விளையாட்டு இல்லாத நேரங்களில் பையன் என் வீட்டின் பின்புறத்தில் கிடந்தான். பழுதாகிப்போன என் கசற் ரெக்கோடரைக் கேட்டான். கொடுத்தேன். நேர்காணல்களுக்காக நான் வருடக்கணக்கில் தூக்கித் திரிந்த பெட்டி அது. அதைப் பிரித்து மோட்டரை எடுத்தான். தேய்ந்த இறப்பர்ச் செருப்பு ஒன்றின் அடிப்பகுதியைத் தோணியின் வடிவத்தில் வெட்டினான். பால்மா ரின்னின் தகரத்தை நறுக்கி மூன்று இதழ்கொண்ட விசிறி செய்தான். குடைக்கம்பித் துண்டு ஒன்றைப் பேனைக் குழாய்க்குள் விட்டு அச்சாக்கினான். முதல் நாள் தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்னால் ஒரு தகரத்தைச் சுக்கானாகப் பொருத்தினான். இரண்டாம் நாள் தலைகீழாகக் கவிழ்ந்தது. பற்றரிகளை நடுவிலிருந்து பின்னுக்கு நகர்த்தினான். மூன்றாம் நாள் அந்தத் தோணி எங்கள் கிணற்றடித் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடியது. ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "அம்மாட்டக் காட்டணும் மாமா" என்றான்.

இந்த இடத்தில் பற்றரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் வாவியைக் கடந்து மேற்கே போகும் பொருள்கள் சோதிக்கப்பட்டன. எரிபொருள், யூரியா, சீமெந்து, பற்றரி போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்தார் 1990 முதல் ஐந்து ஆண்டுகள் மின்சாரமில்லாமல் இதைவிடக் கடுமையான தடையை அனுபவித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் வைத்து விளக்கேற்றிப் படித்தார்கள். பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் முழுப் பொய்யும் அல்ல. கண்ணிவெடிகள் வெடித்ததும் பற்றரியாலும் வயராலும்தான். அந்தச் சிதறல்களை நான் செய்தியாளனாகச் சென்று பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் விளைவாக ஒரு மோட்டரும் இரண்டு வயர்த் துண்டுகளும் ஒரு பிள்ளையின் பையில் இருப்பதே குற்றத்தின் அடையாளமாகிவிட்டது.

விடுமுறை முடிந்து அவனை நானே கூட்டிச் சென்றேன். வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். பாதைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. மக்கள் வரிசையாக நின்றார்கள். பொதிகள் ஒவ்வொன்றாகக் கொட்டிக் காட்டப்பட்டன. எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது அவனுடைய துணிப்பையின் வாய் விலகியிருந்ததைக் கண்டேன். சாரத்துக்கும் சட்டைக்கும் நடுவே சிவப்பு வயர் ஒன்று தெரிந்தது.

பத்திரிகைக்காரன் என்ற அடையாள அட்டை உதவியாக இருந்த நாளும் உண்டு, உபத்திரவமாகிய நாளும் உண்டு. அன்று எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பையை வாங்கினேன். சிறுநீர் கழிக்கப் போகிறவன்போல வரிசையை விட்டு விலகி, கண்டல் மரங்களின் மறைவுக்குப் போனேன். தோணியை எடுத்து வாவிக்குள் எறிந்தேன். இறப்பர் அல்லவா, அது தாழவில்லை. மிதந்தது. நான் திரும்பிப் பாராமல் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

சாவடியில் எங்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு சட்டை, ஒரு சாரம், என் மனைவி கட்டிக்கொடுத்த பலகாரம். போகச் சொன்னார்கள்.

பாதையில் ஏறி நடு வாவிக்கு வந்த பிறகுதான் பையன் வாய் திறந்தான்.

"பற்றரிய நான் கொண்டு வரல்ல மாமா. வீட்டுலயே வெச்சிட்டுத்தான் வந்த நான்."

அவ்வளவுதான் சொன்னான். அழவில்லை. சட்டம் என்ன என்பதை என்னைவிட அவன் தெளிவாக அறிந்திருந்தான். தடுக்கப்பட்ட பொருளைத் தானே கழற்றி வைத்துவிட்டு, தான் செய்ததை மட்டும் தாய்க்குக் காட்டக் கொண்டுபோனான். சாவடியில் இருந்தவர்கள் அந்தத் தோணியைப் பறித்திருப்பார்களோ, சிரித்துவிட்டு விட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை. பறித்தவன் நான்தான்.

அதன் பிறகு அவன் விடுமுறைக்கு வந்தான், விளையாடினான். ஆனால் என் வீட்டில் எதையும் பிரிக்கவில்லை. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து எங்கள் வீட்டுச் சாமான்களோடு அந்த விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுபோனது. 2007இல் படுவான்கரை இராணுவத்தின் கைக்கு மாறியது. இடம்பெயர்ந்தவர்கள் திரும்பினார்கள். 2014இல் மண்முனையில் யப்பானின் உதவியோடு பாலம் திறக்கப்பட்டது. அங்கே பாதைக்காகக் காத்துக் கிடந்த காலம் முடிந்தது.

இந்த ஆண்டுகளில் ஒருநாள் என் மகன், இப்போது அவனும் கனடாவில், அந்த நரிக்குட்டி வரும் மற்ற விளையாட்டுகளைப் பற்றிச் சொன்னான். நான் தேடிப் பார்த்தேன். 1995இல் கையடக்கக் கருவிக்காக வந்த 'டெயில்ஸ் அட்வென்சர்' என்பதில் சொனிக் இல்லை. தீவொன்றில் அமைதியாக இருந்த டெயில்ஸின் இருப்பிடத்துக்கு ஒரு பறவைப் படை வருகிறது. அவன் தன் கருவிகளோடு தனியே எதிர்கொள்கிறான். அவனிடம் இருப்பவற்றில் ஒன்று ஒரு சிறு நீர்மூழ்கி. அதன் பெயர் 'சீ ஃபொக்ஸ்', கடல் நரி. அதைப் படித்தபோது எனக்குக் கண்டல் மறைவும் மிதந்த செருப்பும் நினைவுக்கு வந்தன.

இன்னொன்று 'சொனிக் அட்வென்சர்'. யப்பானில் அது வெளிவந்தது 1998 டிசம்பரில், நான் தோணியை எறிந்து நான்கு மாதங்களின் பின். அதில் டெயில்ஸ் பரீட்சித்துப் பார்க்கும் புதிய விமானம் தொடக்கத்திலேயே விழுந்து நொறுங்குகிறது. அந்த விமானத்தை இயக்கும் சக்திக்காக அவன் வைத்திருப்பது மந்திர சக்திகொண்ட ஒரு மாணிக்கம். கதையின் முடிவில் வெடிக்காமல் கிடக்கும் ஏவுகணை ஒன்றிடமிருந்து நகரத்தை அவனே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. சொனிக் பக்கத்தில் இல்லை. அவன் தனியாகவே செய்துமுடிக்கிறான். இரண்டாவது ஜோய்ஸ்ரிக்கில் பிறந்த பிள்ளைக்கு ஆறு ஆண்டுகளின் பின் முதலாவது இடம் கிடைத்தது.

மாணிக்கம் கதைக்கு வேண்டும். எங்கள் பிள்ளைக்கு வேண்டியிருந்தவை நான்கு பற்றரிகள்தாம். ஆனால் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது வேறொன்றை. அந்தக் கதைகளில் நரிக்குட்டியின் விமானம் விழுகிறது, இயந்திரம் பழுதாகிறது, எதிரி துரத்துகிறான். ஆனால் அவன் பக்கத்தில் நிற்கும் மூத்தவன் ஒருபோதும் அவனுடைய வயர்களைக் கண்டு பயப்படுவதில்லை. அவன் செய்த விமானத்தின்மேல் ஏறி நிற்கிறான். கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கருவியும் பொருளும் எப்படியோ கிடைத்துவிடும். செருப்பும் பால்மா ரின்னும் இல்லாத வீடு ஏது? தன் கையால் செய்ததைப் பார்த்து அஞ்சாத ஒரு பெரியவர்தான் அவனுக்கு அரிது. எங்கள் தலைமுறைக்கு அஞ்சக் காரணங்கள் இருந்தன என்று சொல்லி நான் தப்பிக்கலாம். காரணங்கள் இருந்தன என்பது உண்மை. ஒரு கேள்வி கேட்க எனக்கு நேரம் இருந்தது என்பதும் உண்மை.

மருமகன் இப்போது வள்ள இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறான். தொழிலில் கெட்டிக்காரன் என்று வாவிக்கரை எங்கும் பெயர். அவன் எஞ்சினியராகியிருப்பான், நான்தான் கெடுத்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். வாழ்க்கைக்கு அத்தனை நேர்கோடு கிடையாது.

அன்று மாலை அவன் மகள் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய பொம்மைக் காரின் மோட்டரும் சில்லும் வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். என்ன என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றாள். நான் கடைக்கு நடந்து நான்கு பற்றரி வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். மருமகன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இப்ப சார்ஜ் பண்ற பற்றரிதான் மாமா. இத ஆர் வாங்குற?"

சிரிப்பு அடங்கிய பிறகு, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சொல்லாததைச் சொன்னேன். "அந்தத் தோணிய நான் எறிஞ்சிருக்கக் கூடாது மனே."

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது இடப்பக்கம் இழுத்துக்கிட்டுத்தான் இருந்த மாமா. திருத்தணும் எண்டு நினைச்ச நான்" என்றான்.