கண்டி மாநகரும் கம்பளை வீதியும்

மலைகள் சூழ்ந்து நிற்க, நடுவே ஏரி கண்ணாடிபோல் கிடக்க, அதன் கரையில் வெண்மதிலோடு விளங்கும் கண்டி மாநகரைக் காணாத ஈழத் தமிழர் சிலரே இருப்பர். ஆயினும் கண்டியைக் கண்டு மீள்வது வேறு, அங்கே கற்று மீள்வது வேறு. சென்ற விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் நால்வருடன் அங்கே சென்ற நாம், ஒரு கேள்வியையும் உடன் கொண்டு சென்றோம். அரசில் சமயத்துக்கு இடம் உண்டா, இல்லையா என்பதே அக்கேள்வி. வகுப்பறையில் தொடங்கிய வாதம் புகையிரதத்திலும் ஓயவில்லை.

காலையில் நீராடித் தலதா மாளிகைக்குச் சென்றோம். மாளிகையின் முன்னுள்ள ஏரி, கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைத்தது. அவனும் அவனுக்கு முன் ஆண்ட மூவரும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினர். இந்து சமயக் குடியிற் பிறந்தோர் புத்த சமயத்தின் காவலராய் அரியணை ஏறினர். அவர்களுள் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் சீய தேசத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பிக்குகளின் உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினான். தேவர்களுக்கு எடுத்த எசல பெரஹராவில் புத்தரின் தந்த தாதுவை முதலிற் செல்ல வைத்தவனும் அவனே. இன்றும் மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகியோரின் ஊர்வலங்கள் வருகின்றன. கதிர்காமக் கடவுள் நம் கந்தன். பத்தினியோ நம் கண்ணகி. கந்தனின் ஊர்வலத்திலே காவடியும் ஆடி வரும்.

மாளிகையை அடுத்தே செங்கல்லால் எழுந்த தூய பவுல் ஆலயம் நிற்கிறது. நகரினுள் மீரா மக்காம் பள்ளிவாசல் உண்டு. கட்டுக்கலையில் செல்வ விநாயகர் கோயில் கொண்டிருக்கிறார். காலாற நடந்தே நான்கு சமயத் தலங்களையும் கண்டுவிட்டோம்.

"இத்தனை நெருங்கி வாழும் ஊரில் பூசல் எங்கிருந்து வந்தது, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான்.

விடை தேடி அவர்களை மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். மரத்தூண்கள் அணிவகுத்த அம்மண்டபத்திலே 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை ஏற்கப்பட்டது. புத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் குருமாரையும் தலங்களையும் பேணிக் காப்பதாக அதன் ஐந்தாம் பிரிவில் ஆங்கில அரசு வாக்களித்தது. கிறித்தவ அரசு புத்த சமயத்தைக் காப்பது தகாது என்று பாதிரிமார் எதிர்க்கவே, 1840களில் அது படிப்படியாகக் கைவிலகத் தொடங்கியது. விலகியது நடுவுநிலைமையா, வாக்குத் தவறியதா? அரசும் சமயமும் பற்றிய வாதம் ஐரோப்பாவுக்கே உரியது என்று எண்ணியிருந்த மாணவர் வியந்து நின்றனர்.

பிற்பகலில் கம்பளைக்குப் புறப்பட்டோம். வழியில் சற்று விலகி இலங்காதிலக விகாரையைத் தரிசித்தோம். 1344இல் கம்பளை அரசர் காலத்தில் எழுந்த அவ்விகாரையில் புத்தரும் தேவர்களும் ஒரே கட்டடத்தில் உறைகின்றனர். அதன் பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள். தமிழெழுத்தைக் கண்டதும் மாணவர் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கம்பளையில் நாம் காண விரும்பியது கோயிலன்று, அம்பகமுவ வீதி. 1912இல் அவ்வூர் வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா அவ்வழியே செல்லவிருந்தது. வீதியிலுள்ள பள்ளிவாசலின் அருகே மேளத்தை நிறுத்திச் செல்லவேண்டும் என்று அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். தேவாலயத்தின் தருமகர்த்தாவான பஸ்நாயக்க நிலமே, 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை தமக்கு அளித்த உரிமை இது என்று கண்டி மாவட்ட நீதிமன்றில் வழக்கிட்டார். 1914 யூன் மாதத்தில் நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, பின்வந்த சட்டங்களுக்கு ஊர்வலமும் அடங்கியதே என்றது. மூன்று மாதம் கழித்து, வெசாக் இரவிலே, கண்டி நகரில் பள்ளிவாசல் ஒன்றின் முன் பத்திப் பாடல் பாடிச் சென்றோர்க்கும் அங்கிருந்தோர்க்கும் மூண்ட பூசல் சில நாட்களில் பல மாகாணங்களில் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிந்தன, உயிர்களும் மாண்டன. பின்னர் ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தை ஏவிச் சிங்களர் மீது கொடுமை புரிந்தது. அதைச் சட்டசபையில் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆயினும் தம் துயரத்துக்கு அவர் உரையில் உரிய இடம் இல்லை என்ற மனக்குறை முஸ்லிம்களுக்கு நெடுநாள் இருந்தது.

எம்முடன் வந்த மாணவருள் ஒருவன் கம்பளை முஸ்லிம். அவன் மெல்லச் சொன்னான்: "வழக்கில் வென்றவர்கள் நாங்கள், ஐயா. கடை எரிந்ததும் எங்களுக்குத்தான்."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மற்றொருவன், "அப்படியானால் சட்டத்தால் பயனில்லை, அயலார் நட்பே போதும்," என்றான். "அன்றிரவு அந்த நட்பு எங்கே போயிற்று?" என்று இவன் கேட்டான். இரண்டும் உண்மை. சட்டம் மட்டும் அயலானை நண்பனாக்காது. நட்பு மட்டும் கலகக் கூட்டத்தைத் தடுக்காது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும் இதனையே கண்டோம். பிழை ஒரு பக்கத்தது மட்டுமன்று. 1998 சனவரி 25ஆம் நாள் தலதா மாளிகையின் வாயிலில் வெடித்த குண்டு தமிழர் பெயரால் போராடிய விடுதலைப் புலிகள் வைத்தது. அதை மறைத்துவிட்டுப் பிறர் பிழையை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.

திரும்பும் வழியில் பேச்சு அரசியலமைப்பின் மேல் சென்றது. எந்தச் சமயத்தவர்க்கும் தனிச்சலுகையோ தடையோ சட்டம் விதித்தலாகாது என்றது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. 1972இல் அது நீங்கிப் புத்த சமயத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையும் அதையே கூறுகிறது. பத்தாம் உறுப்புரை எல்லோர்க்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றின் சுதந்திரத்தை உறுதி செய்கிறது.

"பந்தியில் மூத்தவருக்கு முதலிலை இடுகிறோம். கடைசி இலைக்கும் அதே சோறு விழுந்தால் குறை என்ன?" என்று கேட்டுப் பார்த்தோம்.

"நாமாக இடும் முதலிலை மரியாதை, ஐயா. எழுதி வைத்து இட்டால் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். இது அவர்கள் வீடும் அல்லவா?" என்றான் முஸ்லிம் மாணவன்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. சமயச் சார்பின்மை என்பது சமயமின்மை அன்று. வீதியெல்லாம் மேளமும் தீபமுமாய் விளங்கும் கண்டியிலிருந்து சமயத்தை நீக்க எவராலும் இயலாது, நீக்கவும் வேண்டா. எல்லோரையும் வீட்டாராகக் கொள்ளும் சட்டம் இருந்தால், அயலானுக்காக மேளத்தை நிறுத்துவதும், அயலானின் மேளத்தைப் பொறுப்பதும் நாமாகச் செய்யும் மரியாதைகள் ஆகும். அச்சட்டம் இல்லையேல் அவை பணிந்துபோதலே.

மாலையில் ஏரிக்கரையை அடைந்தபோது மாளிகையில் பூசை மேளம் முழங்கிற்று. அப்போது நம் கல்லூரியின் நினைவு வந்தது. காலை வழிபாட்டில் நாம் தேவாரம் ஓதும்போது பிற சமய மாணவர் தலைகுனிந்து நிற்பர். அதை மரியாதை என்றே இத்தனை ஆண்டும் எண்ணி மகிழ்ந்திருந்தோம். விருப்பத்தால் நிற்கிறார்களா, வேறு வழியின்றி நிற்கிறார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டோம். விடை எளிதாய் இருக்கவில்லை. இப்போது அவர்களும் தம் வழிபாட்டை நிகழ்த்த ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். அதைக் கூட்டித் துடைத்து ஆயத்தம் செய்தவர்கள் சைவ மாணவர்கள்.