அரவான் கேட்ட வரம்

டெய்ரி ஃபார்மில் எங்கள் இல்லத்துக் கூடத்தில், சென்ற மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், என் மகனும் அவன் தோழர் நால்வரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். நம் தாயக்கட்டை அன்று. இருபது முகங்கள் கொண்ட பகடை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் அது. ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியும் போரிட்டும் கதையை நடத்துகின்றனர். செய்யத் துணிந்தது கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

என் மகனுக்கு வாய்த்தது, விளக்கேந்தி முன்னே செல்லும் ஒரு பணியாள் வேடம். அவன் குகை வாயிலிலேயே மடிவான், அவன் சாவில்தான் கதை தொடங்குகிறது என்று கதை சொல்பவன் முன்னரே கூறிவிட்டானாம். பிறர் தயங்கிய அவ்வேடத்தை இவன் கேட்டு வாங்கியிருக்கிறான். அரைமணியில் விளக்கேந்தி மாண்டான். ஆயினும் மகன் எழுந்து செல்லவில்லை. அந்தி சாயும்வரை, பேச ஒரு சொல்லும் இன்றி, கன்னத்தில் கைவைத்து ஆட்டத்தைப் பார்த்திருந்தான்.

எனக்கு அரவான் நினைவு வந்தது. அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அவன். வியாசர் பாரதத்தில், எட்டாம் நாட்போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் இறக்கிறான். தமிழ் மரபோ போருக்கு முன்பே அவனைக் காளிக்குக் களப்பலியாக்குகிறது. முப்பத்திரண்டு இலக்கணங்களும் பொருந்தியவர் மூவர், கண்ணனும் அருச்சுனனும் போருக்கு வேண்டும், எஞ்சியவன் அரவான். மணமின்றி மாளலாகாது என்று அவன் கேட்க, கண்ணனே மோகினியாகி மணந்ததாகக் கதை. இன்றும் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து, வெள்ளையுடுத்தி அழுகின்றனர். அவன் கேட்ட மற்றொரு வரம், வெட்டுண்ட தலையோடு பதினெட்டு நாட்போரையும் காண்பது.

விழுப்புரம் பக்கத்து எங்கள் சிற்றூரில் தெருக்கூத்து நடக்கும்போது, என் தந்தையாருக்கு எப்போதும் அரவான் வேடமே. தருமனும் அருச்சுனனும் வேறு பெரியவர்களுக்குரியவை. ஒருநாள் விடியலில், அரிதாரத்தை எண்ணெயிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "உங்களுக்கு மட்டும் ஏனப்பா சாகிற வேஷம்?" என்று அழுதேன். "செத்த பிறகும் கடைசிவரைக்கும் பார்க்கிறவன் அவன் ஒருத்தன்தானேடா" என்றார்.

அவர் மறைந்த செய்தி எட்டியபோது அன்றைய விமானங்கள் போய்விட்டிருந்தன. மறுநாள் ஊர் சேர்ந்தேன், எல்லாம் முடிந்திருந்தது. கடல் கடந்து பிழைக்க வந்த நம்மில் பலருக்கு இது புதிய துயரமன்று. கோப்பில் குறிப்பெழுதி மேலே அனுப்பும் எழுத்தன் நான். முடிவு என் கையில் இல்லை என்பது பழகிய ஒன்று. முடிவைக் காணவும் இயலாமற் போனதுதான் இன்றளவும் ஆறவில்லை. அரவான் ஏன் அந்த வரத்தைக் கேட்டான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம் அன்றிரவு மகனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "தாத்தா பாடின பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா அப்பா?" என்று கேட்டான். இரண்டு அடிகளே நினைவிருந்தன. பாடிக் காட்டினேன்.