கடைசியாகத் தொட்டவர்

ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதைக் 'கிட்' எங்கும் குறித்துவைப்பதில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இந்தக் கருவி, நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் அப்போது இருந்தபடியே சேமிக்கிறது. பிறகு இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது, காணாமல்போன கோப்பும் புதிதாக வந்த கோப்பும் பாதிக்குப் பாதியாவது ஒத்திருந்தால் 'பெயர் மாறியது' என்கிறது. இல்லையென்றால் ஒன்று அழிந்தது, வேறொன்று பிறந்தது. இரண்டும் ஒன்றே என்பது அதற்கு ஓர் ஊகம்தான்.

இந்த ஊகம் என் சம்பள உயர்வைத் தொட்டது. வருங்கால வைப்புநிதிப் பிடித்தத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதியவள் நான். சக ஊழியர் ஒருவர் அதை வேறொரு கோப்புக்கு நகர்த்தி, சில வரிகளை மாற்றி, இடைவெளிகளைச் சீராக்கினார். அதன்பின் 'கிட் பிளேம்' கட்டளை எல்லா வரிகளுக்கும் நேராக அவர் பெயரையே காட்டியது. 'பிளேம்' என்றால் பழி. ஆண்டு மதிப்பீட்டில் அதுவே பாராட்டுக்கும் சான்றாகிவிடுகிறது. "இது அவர் பண்ணதுதானேம்மா?" என்றார் மேலாளர்.

கருவி பொய் சொல்லவில்லை. கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்டால் அதைத்தான் சொல்லும். இடைவெளி மாற்றங்களை ஒதுக்கிவிடு, மற்ற கோப்புகளிலிருந்து வந்த வரிகளைத் தேடு என்று இரண்டு தெரிவுகளைச் சேர்த்து அதே கட்டளையை அவர் முன்னாலேயே இயக்கினேன். பெரும்பாலான வரிகள் என் பெயருக்குத் திரும்பின.

எல்லாம் திரும்பவில்லை. நகர்ந்து வந்த துண்டில் எழுத்தும் எண்ணுமாக 40-ஆவது இல்லையென்றால், தானாக அதை அடையாளம் காணாது. அவர் மாற்றிய வரிகளுக்கு நடுவே தனித்து நின்ற என் சிறிய வரிகள், பூஜ்ஜியத்தால் வகுப்பதைத் தடுத்த ஒரு நிபந்தனை உட்பட, அவர் பெயரிலேயே தங்கிவிட்டன. சின்ன வேலைகளுக்கு வீட்டிலும் கணக்கில்லை, இங்கும் இல்லை.

எங்கள் குழுவில் திருமணத்துக்குப் பின் பெயரும் மின்னஞ்சலும் மாறிய தோழி ஒருத்தி, பதிவுகளில் இரண்டு பேராக இருந்தாள். 'மெயில்மேப்' என்ற கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் இரண்டும் ஒருவராகிவிடும். எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்பதை அவளே முடிவுசெய்தாள்.

இப்போது நகர்த்துவதை ஒரு கமிட்டாகவும் திருத்துவதை அடுத்த கமிட்டாகவும் போடச் சொல்கிறேன். அப்போது பழைய வரியையும் புதிய வரியையும் பொருத்துவது எளிது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு அந்த இரண்டு தெரிவுகளை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.