வேடமிட்ட கணினி

நிண்டெண்டோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டுக் கருவி சுவிட்ச். கம்பியில்லாக் கன்ட்ரோலருடன் அது புளூடூத் வழியே பேசுகிறது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, குச்சி எப்பக்கம் சாய்ந்தது என்பவை எண்களாகவே அதனை அடைகின்றன. அழுத்திய விரலை அது காண்பதில்லை.

இதனை அறிந்த நிரலாளர்கள், அதே எண்களைக் கணினியிலிருந்து அனுப்பும் பைத்தான் நிரல்களை எழுதினர். கணினி தன்னைக் கன்ட்ரோலர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும், சுவிட்சும் நம்பிவிடும். ‘ஏ பொத்தானை அழுத்து, ஒரு நொடி பொறு, விடு’ என்னும் பொருள்பட எழுதிய வரிகளே விரல்களின் வேலையைச் செய்யும். குச்சியை நேராக்கும் வரி விடுபட்டால், திரையிலுள்ள வீரன் சுவரில் முட்டியபடியே ஓடிக்கொண்டிருப்பான்!

இவ்வித்தையைப் போட்டிகளில் புகுத்துவோரும் உண்டு. அது எதிரே ஆடுபவரை ஏமாற்றுவதே. ஆனால், விரல்களை மடக்க இயலாதவர் கையில் இதுவே வேறொன்றாகிறது. கேமரா அவரது தலையசைவைக் காணும். நிரல் அதனைப் பொத்தானாக மாற்றும். உடன்பிறந்தோர் ஆடுவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே முடிந்த பிள்ளையும், “அடுத்த ஆட்டம் என்னுடையது” என்று உரிமையோடு சொல்லலாம்.