புளியோதரைக்கு எதிரே ஒரு பெயர்

உங்கள் அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து எங்கேயாவது போனதுண்டா? போயிருந்தால் ஒரு சின்னக் கேள்வி. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டீர்களே, அதைச் சமைத்தது யார்?

யோசித்து வையுங்கள். அதற்குள் நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மொத்தம் 23 பேர். வருடம் பூரா ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து தொப்பை வளர்த்த கூட்டம். 2006 மார்கழியில் மேலாளரிடம் டாக்டர், 'நல்லா நடங்க சார்' என்று சொல்லப்போக, தனியாக நடக்கப் பிடிக்காத அவர் எங்கள் எல்லோரையும் நடக்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சமணர் மலை. காலையில் நடை, மத்தியானம் ஆலமரத்தடியில் சாப்பாடு.

ஹோட்டலில் சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். 'வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமாய்யா?' என்றார் இன்னொருவர். யார் வீட்டுச் சாப்பாடு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஆபீஸில் ஒரு பேர். வெள்ளைத்தாளில் கோடு போட்டு இடது பக்கம் ஐட்டம், வலது பக்கம் ஆள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொடிமாஸ், வடை, கேசரி, ஊறுகாய். ஏழு ஐட்டம், எங்களோடு வேலை பார்த்த பெண்கள் ஏழு பேர். கணக்கு அவ்வளவு அழகாக உட்கார்ந்ததில் எனக்கே சந்தோஷம். ஆண்கள் 16 பேரையும் சும்மா விட்டுவிடவில்லை. வேன், தண்ணீர் கேன், ஜமுக்காளம், வாழையிலை, கேமரா என்று பிரித்துக் கொடுத்தேன். கேமராவுக்கு மட்டும் இரண்டு பேர்!

தபால் பிரிவில் இருந்த அக்காவுக்குப் புளியோதரை விழுந்தது. அவர் என்னைவிட நாலு வயது பெரியவர், பதவியில் இரண்டு படி கீழே. அதனால் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார்.

"எவ்வளவு சார் போடட்டும்?"

"ஒன்றரைக் கிலோ அரிசி போட்டாப் போதும்க்கா" என்றேன், என்னமோ தினமும் உலை வைக்கிறவன் மாதிரி.

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை அருகே இடது பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பக்கத்திலேயே ஊரே உட்காரலாம் போல ஆலமரம். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காத மதுரைக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? எங்களில் 19 பேர்.

ஆபீஸில் யார் எந்த நாற்காலி என்பது தெரியும். மலையில் அதெல்லாம் பத்தாவது படியிலேயே கலைந்துவிட்டது. தற்காலிகமாகச் சேர்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண் முதல் ஆளாக மேலே நிற்க, மேலாளர் வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு இயற்கையை ரசிப்பதுபோல மூச்சு வாங்கினார்.

அக்கா மட்டும் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க சார். நான் சாமானைப் பாத்துக்கிறேன்" என்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். "அக்காவுக்கு வயசாயிருச்சுப்பா" என்று ஒருவர் கிண்டலடித்தார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே, சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிற ஒரு இயக்கி. அப்புறம் படியேறி பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேலான சிற்பங்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்கள் பெயர்கள். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது.

முந்தின நாள் ராத்திரி ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்திருந்த நான் விடுவேனா? "பாத்தீங்களா, ஒரு அம்மா பேரை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்லுல வெட்டி வச்சிருக்கான். அந்தக் காலத்துலயே பெண்களுக்கு என்னா மரியாதை!" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கை தட்டினார்கள். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பதினொன்றரை மணிக்கு இறங்கினோம். மார்கழியிலும் பாறை சுட ஆரம்பித்திருந்தது. கீழே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா கண்ணயர்ந்த தூக்கம் இல்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கையைப் புளியோதரைத் தூக்குச்சட்டியின் மூடிமேல் வைத்தபடி அடித்துப்போட்ட தூக்கம். எங்கள் சத்தத்துக்கு அசையக்கூட இல்லை. கேமராக்காரர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினார்.

"எடுக்காதீங்க சார்" என்று ஒரு குரல். பொடிமாஸ் கொண்டுவந்த அம்மா. ஆபீஸில் அதிர்ந்து பேசாதவர். "அவங்க மூணு மணிக்கு எந்திரிச்சவங்க. நேத்து ராத்திரியே புளிக்காய்ச்சல் கிண்டி வச்சாச்சு. ஒன்றரைக் கிலோ ஒரே தடவைல குக்கர்ல வேகுமா? ரெண்டு தடவை வச்சு, தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆற வச்சு, அப்புறம்தான கலக்கணும். படுத்த படுக்கையா மாமியார் இருக்காங்க. வீட்டுல இருக்கவங்களுக்கு மத்தியானச் சோறும் ஆக்கி வச்சுட்டுத்தான வேன்ல ஏறுனாங்க."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாரத்துல ஒரு நாள்தான் சார் ஏழு மணி வரைக்கும் தூங்குவோம்."

சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியிருக்கிறீர்களா? ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு கொண்டுவருவாள். பையன்கள் சுள்ளியாவது பொறுக்கிப் போடுவோம்.

யாரும் அக்காவை எழுப்பவில்லை. 22 பேர் முக்கால் மணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். பசித்தது. பேசாமல் இருந்தோம். முழித்ததும் அவர் பதறிப்போனார். "ஐயய்யோ, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? இலை போட்டாச்சா?" என்று எழுந்தவரை உட்கார வைத்துவிட்டு ஆண்கள் பரிமாறினோம். புளியோதரைக் கரண்டி என் கையில். இரண்டு இலைதான் தாண்டியிருப்பேன். "சார், குத்தி எடுக்காதீங்க, சோறு உடையுது. பக்கவாட்டுல அள்ளுங்க" என்று அக்காவின் குரல் வந்தது.

வறுத்த வெந்தயப் பொடி வாசனையும் வேர்க்கடலையுமாக, அப்படியொரு புளியோதரை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்ச்சிக்கும் புளியோதரைக்கும் வயிற்றில் தனித்தனி இடம் போலிருக்கிறது.

அடுத்த வருடமும் சமணர் மலைதான். பட்டியலும் நான்தான். தயிர் சாதத்துக்கு எதிரே என் பெயரை எழுதினேன். பொடிமாஸுக்கு எதிரே கேமராக்காரர் பெயர். தாள் மேலாளரிடம் போனது. கேசரிக்கு எதிரே யார் பெயர் இருந்ததென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "மிச்சத்தை ஹோட்டல்லயே சொல்லிருவோமேய்யா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டார். கேசரியும் அந்த மிச்சத்தில் சேர்ந்துகொண்டது.

நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "நல்லாக் குழைய விடுங்க. பாலை ஊத்துங்க, தயிர் ஒரு கரண்டி போதும், மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாததா என்று நாலு கரண்டி தயிர் விட்டேன். சட்டையெல்லாம் பால். வேனில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும், நாகமலைப் புதுக்கோட்டையில் எழுப்பினார்கள்.

அந்த வருடம் அக்கா மலையேறினார். நிதானமாக, எங்கேயும் உட்காராமல். பேச்சிப்பள்ளத்தில் அந்த வட்டெழுத்து முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "போன வருஷம் ஏதோ ஒரு அம்மா பேரு இருக்குன்னு சொன்னீங்களாமே, எது சார்?"

எழுத்தைக் காட்ட எனக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.

அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை.

"அப்பவும் பையன் பேரைச் சொல்லித்தானா சார் அம்மா பேரு?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சுனையைப் பார்க்கப் போய்விட்டார். கீழே ஆலமரத்தடியில் என் தயிர் சாதம் புளித்துக்கொண்டிருந்தது.